அளந்து ஊற்றிய நீர்

காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் முதலில் நிரப்பப்படுவது ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில். அது அவருடைய கணவரின் ஒரு நாளைக்கான நீர். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் இரண்டு மிடறு, எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்க வேண்டும். காப்பியாக 120 மில்லி உள்ளே போனால் பாட்டிலிலிருந்து 120 மில்லியை வெளியே எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்காக டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் சொல்லித்தந்த முறை இது. எளிய முறை, கணக்குத் தவறாத முறையும் கூட. வெளியே எடுத்த அந்த 120 மில்லியை என்ன செய்வது என்று மட்டும் செவிலியர் சொல்லவில்லை.

தாகத்தோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்ட அந்த அம்மையாருக்கு மனம் வரவில்லை. கை எட்டும் தொலைவில், சன்னல் திண்டில், ஆர்க்கிட் இருந்தது. அதில் ஊற்றினார். காலைக் காப்பிக்கு ஒரு முறை, சிற்றுண்டியின் மாத்திரைக்கு ஒரு முறை, மதிய ரசத்திற்கு, மாலைக் காப்பிக்கு, இரவு மோருக்கு, உறங்கும் முன் இன்னொரு மாத்திரைக்கு. நாளொன்றுக்கு ஆறு முறை.

தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் மூன்றாம் மாடி வீடு. கும்பகோணத்திலிருந்து திருமணமாகி வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள். பால்கனியில் கறிவேப்பிலை ஆளுயரம் நிற்கிறது, துளசி உண்டு, மல்லிகை ஒவ்வொரு கோடையிலும் தவறாமல் பூக்கும். கைராசிக்காரர் என்று அந்தக் குடியிருப்பில் பெயர் வாங்கியவர். யாராவது வாடவிட்ட செடியை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவதும், ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொண்டு போவதும் அங்கே வழக்கம். அப்படிப்பட்டவரின் கையில் இரண்டு ஆர்க்கிட்டுகள் அடுத்தடுத்து மாண்டன. முதலாவது, கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதத்தில் ஐதராபாத்திலிருந்து மகள் அனுப்பியது: ஃபேலனாப்சிஸ் வகை, வெள்ளைப் பூக்கள், இரண்டு பூந்தண்டுகள், வெளியே அழகான பீங்கான் தொட்டி. நான்கு மாதம் இருந்தது. அதே இடத்தில் வைத்த இரண்டாவது மூன்று மாதம். மூன்றாவதன் இலைகளும் சென்ற மாசி மாதத்தில் சுருங்கத் தொடங்கின.

சுருங்கிய இலை எதைச் சொல்லும்? செடி வளர்த்த எவரிடம் கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: தாகம். ஃபேலனாப்சிஸின் இலை தடித்தது, தோல் போன்றது, நீரைச் சேமித்து வைப்பது. அது தளர்ந்து தொங்கி, மேற்பரப்பில் நீளவாக்கில் மடிப்பு விழுந்தால் இலைக்கு நீர் போதவில்லை என்பது உண்மையே. ஆனால் நீர் ஏன் போதவில்லை என்பதை இலை சொல்வதில்லை. வேரில் நீர் இல்லாததாலும் இருக்கலாம். நீரை எடுத்துக்கொடுக்க வேரே இல்லாததாலும் இருக்கலாம். இரண்டிற்கும் இலையில் தெரியும் அறிகுறி ஒன்றுதான். வீட்டுக்குள் வளரும் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். வேர் அழுகுகிறது, இலை வாடுகிறது, வளர்ப்பவர் இரக்கப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார், மீதமிருந்த வேரும் அழுகுகிறது. புறக்கணிப்பால் செத்த ஆர்க்கிட்டுகளைக் காட்டிலும் பரிவால் செத்தவை அதிகம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது மிகையன்று.

தமிழில் வேர் என்ற சொல் மண்ணை விட்டு நிற்பதில்லை. வேரூன்றுதல், வேர்பிடித்தல், வேரோடு பிடுங்குதல்: எல்லாவற்றிலும் கீழே மண் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. வேர் வெளியே தெரிந்தால் மூடிவிட வேண்டும் என்பது தோட்ட வேலையின் முதல் பாடம். ஃபேலனாப்சிஸின் வேருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அது மரக்கிளையின் பட்டைமேல் ஊர்ந்து, வெளிச்சத்தில், காற்றில் வாழ்வதற்காக அமைந்த உறுப்பு. அதன் மேல் வெலமென் என்னும் வெள்ளைப் போர்வை ஒன்று உண்டு. பல அடுக்குகளாக அமைந்த இறந்த செல்கள். உள்ளே வெறும் காற்று. மழை பட்டதும் அந்த வெற்றறைகள் நீரை உறிஞ்சி நிறைத்துக்கொள்கின்றன. உயிருள்ள உட்பகுதி பிறகு அதை மெதுவாக வாங்கிக்கொள்கிறது. உலர்ந்திருக்கையில் வேர் வெள்ளி நிறம். நனைந்த சில நொடிகளில் போர்வை ஒளி ஊடுருவுவதாக மாற, உள்ளிருக்கும் பச்சையம் தெரிந்து வேர் பச்சையாகிறது. ஆம், பச்சையம். இலையைப் போலவே இந்த வேரும் ஒளிச்சேர்க்கை செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலையில் டேனியோஃபில்லம் என்றொரு சிறிய ஆர்க்கிட் இருக்கிறது. அதற்கு இலையே கிடையாது, வேர்கள் மட்டும் பட்டையில் ஒட்டிப் படர்ந்து உணவு தயாரிக்கின்றன.

இத்தகைய வேரை நீரில் நிறுத்தினால் போர்வைக்குள் காற்று நுழைய இடமில்லை. உள்ளே உயிருள்ள செல்கள் ஆக்சிஜன் இன்றி மூச்சுத் திணறிச் சாகின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதற்குப் பிறகு வருபவை. பலரும் அவற்றையே கொலையாளி என்று எண்ணி மருந்து தேடி அலைகிறார்கள்.

எதிர்வீட்டுத் தமிழ்ப் பாட்டி ஒருவர் முதல் ஆர்க்கிட்டைப் பார்த்ததும் "இது புல்லுருவி ஜாதி, வீட்டுல வைக்கப்படாது" என்றாராம். இந்தப் பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் ஒரு முனை அதே கொல்கத்தாவில் இருக்கிறது. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், மொழிகளுக்கிடையிலான உறவைப் பற்றிப் பேசியதற்காக இன்று நினைக்கப்படுபவர், செடிகளைப் பற்றியும் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1795இல், ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வெளியான கட்டுரையில் மரத்தில் வளரும் ஓர் ஆர்க்கிட்டை ‘வந்தா’ என்ற பெயரில் விவரித்தார். மரத்தின்மேல் தொற்றி வளரும் செடிகளுக்கு, புல்லுருவி உட்பட, வடமொழியில் வழங்கிய சொல் அது. ராபர்ட் பிரவுன் 1820இல் அதை ஒரு பேரினத்தின் பெயராக்கினார். இன்று உலகெங்கும் வண்டா என்று விற்கப்படும் அழகிய ஆர்க்கிட்டுகளின் பெயருக்குள், தொற்றிப் பிழைக்கும் செடி என்ற பழைய பொருள் உறங்குகிறது. ஒட்டுண்ணி தன் வேரை மரத்தின் உடலுக்குள் செலுத்தி உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேர் மரத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை; நிற்க ஓர் இடம் கேட்கிறது, அவ்வளவே. மழைநீரும், பட்டை வழியே வழிந்துவரும் சிறிதளவு சத்தும், காற்றும் அதற்குப் போதும்.

ஜோன்ஸுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, 1850இல், தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் காசி மலையில் நீல வண்டாவைக் கண்டார். காற்றில் அசைந்த நீலக் கொத்துகள். அவர் கவனித்தது பூவை மட்டுமன்று. குட்டையான, முறுக்கேறிய ஓக் மரங்கள், இலை அதிகமில்லை, கிளையில் பாசியில்லை, வேர்கள் உலர்ந்த கரட்டுப் பட்டையின்மேல் பரவி வெயிலையும் மழையையும் காற்றையும் நேராக வாங்கிக்கொண்டிருந்தன. அதே செடியை இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் அடைத்து வளர்க்கிறார்களே, அது அதன் இயல்பிற்கு முற்றிலும் மாறானது என்று தம் பயண நூலில் விளக்கமாக எழுதினார். அப்படி எழுதியவர்தாம் ஏழு ஆள் சுமை நீல வண்டாவைக் காட்டிலிருந்து பறித்துக் கியூ தோட்டத்திற்கு அனுப்பினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அந்த நீல வண்டா இன்று இந்திய வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் செடி. பரிவும் பேராசையும் ஒரே முடிவைத் தருவது ஆர்க்கிட்டின் வரலாற்றில் புதிதன்று.

மூன்றாவது செடியும் வாடியபோது அம்மையார் நான்காவது வாங்கப் புறப்பட்டார். ஞாயிறு காலைகளில் வடக்குக் கொல்கத்தாவின் கேலிஃப் தெருவில் சந்தை கூடும். வண்ண மீன்கள், பறவைகள், வரிசை வரிசையாகச் செடிகள். காலிம்போங்கிலிருந்து ஆர்க்கிட் கொண்டுவந்து விற்கும் இளைஞன் ஒருவனிடம் போய் நின்றார். இரண்டு செத்துவிட்டன, மூன்றாவதும் போகப்போகிறது, தாங்கும் வகையாக ஒன்று கொடு என்றார். அவன் செடியை எடுக்கவில்லை.

"மாஷிமா, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை?"

நாளுக்கு ஆறு முறை என்று அவர் சொன்னதும் சிரிப்பான் என்று பக்கத்துக் கடைக்காரர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவன் சிரிக்கவில்லை. கைப்பேசியில் படம் இருக்கிறதா என்று கேட்டான். இலையின் படத்தைக் காட்டினார். "இது இல்லை, ஷிகொர்" என்றான். வேர். வேரின் படம் அவரிடம் இல்லை. மூன்று செடிகளில் ஒன்றின் வேரையும் அவர் பார்த்ததில்லை. "ஜோல் கொம், ஹவா பேஷி" என்று அவன் சொன்ன நான்கு வங்காளச் சொற்கள், நீர் குறைவாக, காற்று மிகுதியாக, எந்த நூலும் சொல்வதைச் சொல்லிவிட்டன. அன்று அவன் விற்றது செடியை அன்று: பக்கவாட்டில் துளையிட்ட ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, பைன் மரப்பட்டை ஒரு பை, மரக்கரி ஒரு பை. மொத்த விலை ஒரு செடியின் விலையில் பாதிகூட இல்லை. நல்ல வணிகனுக்கு அழகல்ல. நல்ல செடிக்காரனுக்கு அழகு.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அவரும் கணவரும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். பீங்கான் தொட்டியின் அடியில் துளை கிடையாது. இரண்டு விரல் உயரத்திற்குக் கலங்கிய நீர் நின்றிருந்தது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் ஸ்பாக்னம் பாசி, மேலே கைக்கு ஓரளவு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் நடுவில் பஞ்சுபோல் இறுகி, பிழிந்தால் சொட்டும்படி இருந்தது. பண்ணையில் தட்டுத் தட்டாக அடுக்கி, காற்றோட்டமும் அளவான நீரும் தந்து வளர்க்கையில் அந்தப் பாசி குற்றமற்றது. வீட்டில், அழகுக்காக இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வைக்கையில், அதுவே ஈரத்தைப் பூட்டி வைக்கும் பெட்டி. பாசியைத் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்தபோது தேங்கிய குட்டையின் வாடை வந்தது.

வேர்கள் பதினொன்று. நல்ல வேரை அழுத்தினால் விரலுக்கு எதிர்ப்புத் தரும். அழுகியதை அழுத்தினால் நீர் கசியும். போர்வை உறைபோல் கழன்று வர, நடுவே ஒரு கம்பி இழை மட்டும் நிற்கும். ஏழு வேர்கள் அப்படிக் கழன்றன. கணவர் இடக்கையில் ஃபிஸ்டுலா போட்டிருப்பதால் அதில் பளுவெடுக்கக் கூடாது. வலக்கையில் செடியைத் தூக்கிப் பிடித்தார். அம்மையார் கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் பின் மறுபடி தீயில் காட்டி, அழுகியதை உறுதியான திசு தெரியும் இடம்வரை வெட்டினார். வெட்டிய முனைகளில் மட்டும் சிறிது பட்டைத்தூள். வேர் முழுவதும் தூவினால் அது நல்ல வேரையும் உலர்த்திக் கெடுத்துவிடும். நான்கு வேர்கள் மிஞ்சின. அவற்றிலும் இரண்டு, தொட்டிக்கு வெளியே காற்றில் நீண்டுகொண்டிருந்தவை. மூடிவிட வேண்டும் என்று அவர் பலமுறை நினைத்து, மேலே மண் இல்லாததால் விட்டுவைத்தவை.

இரண்டு செடிகளைக் கொன்றது எது என்பது அந்த மேசையில்தான் வெளிவந்தது. இருபத்தேழு ஆண்டுகள் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் பழுது தேடியவர் கணவர். எங்கிருந்து இவ்வளவு நீர் என்று கேட்காமல் விடமாட்டார்.

"தண்ணி யாரு ஊத்தினா இவ்வளவு?"

"நான்தாங்க."

"எந்தத் தண்ணி?"

அம்மையார் பாட்டில் இருந்த பக்கம் பார்த்தார். கணவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதுக்கும் ஒரு லிட்டர்னு எவனாவது சீட்டு எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார். அந்த வீட்டில் நீரைப் பற்றி ஒருவர் வேடிக்கையாகப் பேசியது இரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதுவரை அது மறுப்பவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் இடையில் கிடந்த பேச்சு. ஒரு மிடறு கூடுதலாகக் கேட்டால் அம்மையார் இல்லை என்பார். அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமலிருப்பது கேட்பதைவிட அம்மையாருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆறு முறை ஊற்றியது எதற்கு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

செடியை ஓர் இரவு முழுதும் வெறும் செய்தித்தாளில் கிடத்தினார்கள், வெட்டுவாய் உலர்வதற்காக. மறுநாள் மரப்பட்டையும் கரியும் கலந்து புதிய தொட்டியில் நிறுத்தி, நான்கு வேர்களால் அதைத் தாங்க முடியாது என்பதால் மூங்கில் குச்சியோடு நூலால் கட்டினார்கள். முதல் ஐந்து நாள் நீர் இல்லை. கைராசிக்காரருக்கு அந்த ஐந்து நாள்கள் எளிதாக இருக்கவில்லை.

ஊடகம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், மாறவும் வேண்டும். கேரளத்திலும் வங்காளத்திலும் பலர் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். மலிவானது, ஆனால் நீரைப் பிடித்துவைப்பது, ஊறவைத்து உப்பை நீக்காவிட்டால் வேர்நுனியைக் கருக்குவது. காற்று எப்போதும் ஈரமாக இருக்கும் ஊரில் கரியும் செங்கல் ஜல்லியும் நல்லவை. பெங்களூரின் வறண்ட பங்குனியில் அதே கலவை செடியைப் பட்டினி போட்டுவிடும். அங்கே பாசி சிறிது வேண்டியிருக்கும். உரத்தைப் பற்றி மக்கள் நிறையக் கேட்கிறார்கள். வேரில்லாத செடிக்கு உரம் கொடுப்பது வாயில்லாதவருக்கு விருந்து வைப்பது. வேர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மகள் ஐதராபாத்திலிருந்து ஒரு காணொளியை அனுப்பினாள். வாரத்திற்கு மூன்று பனிக்கட்டிகளைத் தொட்டியில் வைத்தால் போதும், ஆர்க்கிட் அளவாக நீர் குடிக்கும் என்று அதில் ஓர் அமெரிக்கப் பெண்மணி சொன்னார். கணவர் அதைப் பார்த்துவிட்டு, வாயில் ஒதுக்கியிருந்த பனிக்கட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்திற்கு மாற்றிக்கொண்டார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தாகம் தணிய மருத்துவமனைகளில் சொல்லும் அறிவுரையும் அதுவே: நீருக்குப் பதில் ஒரு சிறு பனிக்கட்டி, அதையும் கணக்கில் எழுது. பனிக்கட்டியின் பயன், அது அளவை மீறவிடாது என்பதில் இருக்கிறது. பட்டையும் கரியும் நிறைந்த தொட்டியில் அது உருகி ஓர் ஓரமாக வழிந்தோடிவிடும். வேர் முழுதும் நனையாது. எனவே அந்த வீட்டில் பனிக்கட்டி ஒருவருக்கு மட்டும்.

செடிக்கு வேறு முறை. காலையில் தொட்டியைத் தூக்கி, மழைநீரோ வடிகட்டிய நீரோ உள்ள வாளியில் பத்து நிமிடம் அமிழ்த்தி, முற்றிலும் வடியவிட்டு, திரும்பவும் சன்னலில் வைப்பது. இலைகள் சேரும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் துணியால் ஒற்றி எடுப்பது. குருத்து அழுகினால் வேர் இருந்தும் பயனில்லை. குழாய் நீர் வேண்டாம் என்றது கணவர். அவர்கள் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும். அதே உப்பு வேர்நுனியிலும் படியும். டயாலிசிஸ் பிரிவிலும் குழாய் நீரை அப்படியே எந்திரத்திற்குள் விடுவதில்லை, உப்பையெல்லாம் நீக்கிய பின்னரே விடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். அங்கே நிமிடத்திற்கு 500 மில்லி என்ற கணக்கில் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் அவருடைய இரத்தத்தை ஒரு சவ்வின் மறுபுறம் தொட்டுக்கொண்டு ஓடிப்போகிறது. ஒரு மிடறுகூட அவருடையதன்று.

எப்போது அமிழ்த்துவது என்பதுதான் எஞ்சிய கேள்வி. வாரம் ஒரு முறை என்று சொல்லும் அறிவுரை சித்திரைக்கும் ஆடிக்கும் ஒரே விடையைச் சொல்கிறது. வேரின் நிறத்தைப் பார்த்துச் செய்வது நல்லது: ஒளி புகும் தொட்டியில் வேர்கள் பச்சையாக இருந்தால் பொறு, வெள்ளியானால் ஊற்று. ஆனால் நடுவிலிருக்கும் வேர் கண்ணுக்குத் தெரியாது. கணவர் சமையலறையின் மின்தராசை எடுத்துவரச் சொன்னார். நனைத்து வடித்ததும் 560 கிராம். முற்றிலும் உலர்ந்தபோது 410. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் தானே தராசில் ஏறி இறங்குபவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. உடலில் மிகை நீர் இல்லாத எடையை அங்கே உலர் எடை என்கிறார்கள். அவருடையது 58 கிலோ. அதற்கு மேலே உள்ளதெல்லாம் இடைப்பட்ட நாள்களில் குடித்த நீர், அதை எந்திரம் எடுக்க வேண்டும். செடியின் உலர் எடையும் அதே குறிப்பேட்டில், அதே பக்கத்தில், ஒரு கோடு போட்டு எழுதப்பட்டது. 430 கிராமுக்கு வந்தால் அமிழ்த்தலாம் என்று முடிவாயிற்று.

பங்குனியில் நான்கு நாளைக்கு ஒரு முறை 430க்கு வந்தது. சித்திரையில் மூன்று நாள். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் ஒன்பது, பத்து நாள்களாயின. ஒரு முறை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு நாளில் அம்மையார் இரண்டு முறை குவளையோடு சன்னல்வரை போய்த் திரும்பினார். மின்விசிறியைச் சன்னல் பக்கம் மெதுவாக ஓடவிட்டார்கள். பாட்டிலிலிருந்து எடுக்கும் நீர் இப்போது பால்கனிக்குப் போகிறது. கறிவேப்பிலை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். சுருங்கிய இலைகள் பழையபடி நிமிரவில்லை. ஒரு முறை மடிப்பு விழுந்த இலை அநேகமாக அப்படியே இருந்துவிடும். கீழிலைகள் இரண்டு மஞ்சளாகி உதிர்ந்தன. ஆவணியில் நடுவிலிருந்து ஒரு புதிய இலை கிளம்பியது, சிறியது, மடிப்பில்லாதது.

மார்கழியில் கொல்கத்தாவின் இரவுகள் குளிர்ந்தபோது, தண்டின் பக்கவாட்டில், ஓர் இலையின் அடியில், பச்சையாக ஒரு முனை தெரிந்தது. பூந்தண்டும் வேரும் தோன்றும் வேளையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரவுக் குளிர் பூந்தண்டைத் தூண்டும் என்பதால் மகள் காணொளி அழைப்பில் பார்த்துவிட்டுப் பூதான் என்று அடித்துச் சொன்னாள். எதிர்வீட்டுப் பாட்டிகூட வந்து பார்த்தார். கணவர் பூக்கண்ணாடியால் பார்த்து, பூந்தண்டின் முனை சற்றுத் தட்டையாக, கையுறை போட்ட கட்டைவிரல் போலிருக்கும், இது உருண்டையாக வழவழவென்று இருக்கிறது என்றார். பத்து நாள் பொறுத்தார்கள். முனை நீண்டது, மேலே போகாமல் பக்கவாட்டில் வளைந்து தொட்டியின் விளிம்பைத் தொட்டது, பின்பகுதியில் வெள்ளிப் போர்வை படரத் தொடங்கியது.

"வேருங்க" என்றார் அம்மையார், சற்று ஏமாற்றத்தோடு.

"அஞ்சாவது" என்றார் கணவர். தொட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார். 432 காட்டியது. நாளைக்கு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மாலைக் காப்பியை அளந்து ஊற்றச் சொன்னார்.